எலும்பைச் சேர்ப்பது யார்?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒருவருக்குக் கை ஒடிந்தால் எங்கே கூட்டிப்போவது? யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கம்பெனியின் எச்.ஆர். ஆள் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்பார். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்பார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கிற பெரியவர் யோசிக்காமல் சொல்வார்: "புத்தூர் போயிடுங்க தம்பி. மூணு கட்டுல சரியாயிடும்."

புத்தூர் இருப்பது ஆந்திராவில், ஆனால் தூரமில்லை. திருவள்ளூர், திருத்தணி, நகரி என்று திருப்பதி நெடுஞ்சாலையைப் பிடித்தால் வந்துவிடும். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகவும் போகலாம். 1960 ஏப்ரலில் தமிழ்நாட்டோடு இணைகிற வரைக்கும் திருத்தணியும் புத்தூரைப் போல சித்தூர் மாவட்டத்து ஊர்தான். மாநில எல்லை பிறகு வந்தது. கை கால் ஒடிந்தவர்கள் போகிற தடம் மாறவில்லை. சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் 'புத்தூர் கட்டு' என்று பலகை மாட்டியவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்குப் புத்தூரோடு உறவு உண்டு என்பது வேறு கதை.

அசல் கட்டு புத்தூரை ஒட்டிய ராச்சபாளையத்தில் தொடங்கியது. 1881இல் கேசவ ராஜு என்பவர் ஆரம்பித்தார், அவர் வழிவந்தவர்கள் தொடர்கிறார்கள் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. வேட்டைக்குப் போனவர், அடித்த முயலைக் கைக்குக் கிடைத்த இலைகளில் சுற்றி எடுத்துவந்தாராம். வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால் ஒடிந்திருந்த எலும்பு சேர்ந்திருந்ததாம். மறுபடி காட்டுக்குப் போய் அந்த இலை எது என்று தேடிப் பிடித்தாராம்.

நல்ல கதை. ஆனால் செத்த முயலின் எலும்பு சேராது. எந்த இலையில் சுற்றினாலும் சேராது. ஏன் சேராது என்று புரிந்தால், புத்தூர் கட்டு ஏன் பலருக்குப் பலிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

எலும்பு உயிருள்ள உறுப்பு. அதற்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எலும்பு ஒடிகிற நொடியில் அவையும் அறுந்து, கசிந்த ரத்தம் முறிவைச் சுற்றி உறைகிறது. அந்த உறைவுதான் முதல் சாரம். வெள்ளையணுக்கள் வந்து இறந்த திசுவைத் துப்புரவு செய்கின்றன. அந்த இடம் வீங்கி, சிவந்து, சுடுவது அதனால்தான். ஒரு வாரத்துக்குள் எலும்பைப் போர்த்திய மெல்லிய உறையிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் புதுச் செல்கள் புறப்பட்டு வருகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு திரட்டு இரு முனைகளையும் பற்றிக்கொள்கிறது. மருத்துவர்கள் இதைக் காலஸ் என்பார்கள். கால்சியம் ஏற ஏற அது இறுகும். கையின் நீளெலும்பு தாங்குகிற நிலைக்கு வரச் சுமார் 6 வாரம், கால் எலும்பு என்றால் 12 வாரம், குழந்தைகளுக்கு அதில் பாதி என்பது பழைய கணக்கு. அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. ஒரு வகைச் செல்கள் தேவையில்லாத எலும்பை அரித்தெடுக்க, இன்னொரு வகை தேவையான இடத்தில் கட்ட, மாதக்கணக்கில் சில சமயம் வருடக்கணக்கில் இது நடக்கும். தோல் ஆறினால் தழும்பு மிஞ்சும். எலும்பு எலும்பாகவே ஆறும்.

இத்தனையையும் செய்வது நோயாளியின் உடம்பு. புத்தூரில் பூசுகிற பச்சிலையோ ஆப்பரேஷன் தியேட்டரில் முடுக்குகிற டைட்டானியம் தகடோ எலும்பை ஒட்டுவதில்லை. இரண்டு பேரும் செய்யக்கூடியது இரண்டே காரியம்: விலகிய முனைகளை நேருக்கு நேர் கொண்டுவருவது, சேரும்வரை அவை மறுபடி விலகாமல் பிடித்துவைப்பது. எலும்பு மருத்துவத்தின் ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டு காரியங்களை யார், எந்த முறிவில், எவ்வளவு பத்திரமாகச் செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

கட்டுப் போடுகிறவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வந்தவர் தரையிலோ பெஞ்சிலோ உட்காருகிறார். இப்போதெல்லாம் பெரும்பாலோர் கையில் எக்ஸ்ரேயும் இருக்கும். கட்டுகிறவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். பிறகு பேசுவது கட்டைவிரல்தான். வீங்கிய கையின் மேல் எலும்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே அது நகரும். ஒரு இடத்தில் நிற்கும். உதவியாள் முழங்கையைப் பிடிக்க, இவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுப்பு. மயக்க மருந்து கிடையாது. கூட வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரைத்த பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, அதன்மேல் துணிச்சுற்று, சுற்றிலும் மூங்கில் தப்பைகள், மறுபடி துணி, இறுக்கி ஒரு முடிச்சு. சில நிமிடங்களில் அடுத்த ஆள். வெள்ளைக்கரு காய்ந்து துணி விறைத்துக்கொள்ளும்.

இந்தச் சரக்கு எதுவும் புத்தூருக்கு மட்டும் சொந்தமில்லை. தப்பையை மூங்கிலில் செய்யலாம் என்று சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. முட்டை வெள்ளைக்கருவை மாவோடு குழைத்துத் துணியை விறைப்பாக்கும் முறையை 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொர்தோபாவில் வாழ்ந்த அரபு மருத்துவர் அல் சஹ்ராவி எழுதிவைத்திருக்கிறார். நெப்போலியனின் படை மருத்துவர் லாரேயும் வெள்ளைக்கரு கலந்த கட்டைப் போர்க்களத்தில் பயன்படுத்தினார். நம் ஆஸ்பத்திரிகளின் மாவுக்கட்டு வந்ததோ 1850களில்தான். மதைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூளைத் துணியில் தேய்த்து நனைத்துச் சுற்றினார். வேறு வேறு நாட்டில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வேறு வேறு பசையை வைத்து ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். அப்படியானால் காரியம் நடப்பது பசையின் மருத்துவ குணத்தால் அல்ல, விறைப்பால் என்று ஊகிப்பதில் தவறில்லை.

இங்கே நவீன மருத்துவத்தின் பக்கமிருந்து ஒரு சாட்சியும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஒடிந்த எலும்பு துளிக்கூட அசையக்கூடாது, மேலும் கீழும் இருக்கிற மூட்டுகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதே பாடம். 1960களில் அமெரிக்காவில் அகஸ்டோ சார்மியென்டோ என்ற எலும்பு மருத்துவர், முழங்காலை விட்டுவிட்டுக் காலின் கீழ்ப்பகுதியை மட்டும் இறுக்கமாகப் பொதிந்து, நோயாளிகளை நடக்கவிட்டார். முறிவுகள் நன்றாகவே சேர்ந்தன. 1985இல் பிரிட்டனில் குட்ஷிப், கென்ரைட் இருவரும் ஆட்டின் கால் எலும்பில் சோதித்துப் பார்த்தபோது, அசைவே இல்லாத முறிவைவிட மிகச் சிறிய, கட்டுப்பாடான அசைவு பெற்ற முறிவில் காலஸ் நன்றாக வளர்ந்தது. சீனாவில் தியான்ஜின் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்கள் அங்கத்திய பாரம்பரியக் கட்டின் வில்லோ மரத் தப்பைகளை எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரேயோடும் நவீன உடற்கூற்றியலோடும் சேர்த்து, முடிவுகளை 1960களிலேயே ஆய்விதழில் வெளியிட்டார்கள். மூட்டை விட்டுவிட்டுக் கட்டுகிற மூங்கில் தப்பை, கொள்கையளவில் மூடத்தனம் இல்லை. சரியான முறிவுக்கு அது போதும்.

சரியான முறிவுக்கு. சிக்கல் அந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஆலைகளும் கம்பி உருட்டுகிற ரீரோலிங் மில்களும் நிறைய. அங்கே கை ஒடிவது, சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்குக் கை ஒடிவது போல இருப்பதில்லை. உருளைக்கு நடுவில் நசுங்கும், மேலிருந்து பாரம் விழும், எலும்போடு தசையும் நைந்திருக்கும். முன்கைத் தசைகள் சவ்வுப் பைகளுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சவ்வு டயர் மாதிரி, விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தமும் நீரும் கசிந்து வீங்கும்போது வீக்கம் வெளியே வர வழியில்லாமல் அழுத்தமாக மாறுகிறது. அழுத்தம் ஏறினால் முதலில் நசுங்குவது நுண்ணிய ரத்தக் குழாய்கள். பெரிய நாடி அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும், அதுதான் ஏமாற்று. ஏறத்தாழ 6 மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை மீளாத சேதத்துக்குப் போகத் தொடங்குகிறது. இந்த நிலையில் வெளியேயும் ஒரு இறுக்கமான கட்டு இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. விரல்கள் மடங்கியபடியே இறுகிப் பறவைக் காலைப் போலாகும். இன்னும் மோசமானால் கறுத்து, கையையே எடுக்க வேண்டிவரும். நைஜீரியா, எத்தியோப்பியா, இந்தியா என்று நாட்டுக்கட்டு அதிகமாக இருக்கிற நாடுகளின் ஆய்விதழ்களில் இப்படிக் கை கால் இழந்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் ஏராளம்.

ரத்தம் போகாமல் தசை இப்படி இறுகிப்போவதை முதலில் தெளிவாக விவரித்தவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன். கட்டுரை வெளிவந்த ஆண்டு 1881. ராச்சபாளையத்தில் கேசவ ராஜு தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். ஃபோல்க்மன் குற்றம் சொன்னது நாட்டு வைத்தியர்களை அல்ல. அவர் பார்த்தவை அவர் காலத்து மருத்துவர்கள் போட்ட இறுக்கமான கட்டுகள். மாவுக்கட்டும் இதைச் செய்யும், இன்றும் செய்கிறது. கட்டு தளர்ந்தால் மூட்டு நிலைக்காது, இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் வரும் என்று சுஸ்ருதரும் எச்சரித்திருக்கிறார். வித்தியாசம் எங்கே என்றால், ஒழுங்காக நடக்கிற வார்டில் மாவுக்கட்டு போட்ட இரவு ஒரு செவிலியர் வந்து விரலைப் பார்ப்பார். வலி தாங்கவில்லை என்றால் கட்டைப் பிளந்துவிட உத்தரவு உண்டு. தேவைப்பட்டால் அந்தச் சவ்வையே கீறி அழுத்தத்தை விடுவிக்க ஒருவர் இருப்பார். எட்டு மணிக்குக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியவருக்கு நள்ளிரவில் விரல் மரத்தால் பார்க்க யாருமில்லை. "வலிச்சாதான் சேருதுன்னு அர்த்தம்" என்று வீட்டில் சொல்வார்கள்.

எந்தக் கட்டு போட்டிருந்தாலும் செய்யக்கூடிய ஒரு சோதனையை இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டுக்கு வெளியே தெரிகிற விரலின் நகத்தை அழுத்துங்கள், வெளுக்கும். விட்டதும் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவந்துவிட்டது என்று மட்டும் நிம்மதியாகப் படுத்துவிடவும் கூடாது. ஒடிந்தவரின் விரலை மெதுவாகப் பின்பக்கம் நீட்டிப் பாருங்கள். முறிவின் வலியைவிட அதிகமாக, உயிர் போகிற மாதிரி முன்கையில் வலித்தால், மரத்துப்போனால், விரலை அசைக்க முடியாவிட்டால், கட்டியவர் யாராக இருந்தாலும் கட்டை உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

தப்பைக்கு வசப்படாத முறிவுகள் இன்னும் உண்டு. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தால், அதற்கு வேண்டியது பச்சிலை அல்ல. உடனே ஆன்டிபயாடிக், டெட்டனஸ் ஊசி, மயக்கம் கொடுத்துக் கழுவுதல். மூட்டின் வழவழப்பான பரப்பு உடைந்து ஒரு படி போல இறங்கிவிட்டால், வெளியிலிருந்து இழுத்து அதைச் சமன் செய்ய முடியாது. எலும்பு சேரும், மூட்டு தேயும். வயதானவர்களுக்கு இடுப்பு மூட்டருகே தொடையெலும்புக் கழுத்து ஒடிந்தால் அதன் தலைக்குப் போகிற ரத்தமே அறுந்துபோகலாம். ஆப்பரேஷன் வேண்டாம் என்று படுக்கையில் கிடத்துகிற பாட்டியைக் கொல்வது அந்த முறிவு அல்ல. படுக்கைப் புண், நிமோனியா, காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறுகிற ரத்தக்கட்டி. ஆரம்பத்திலேயே திருகோ கம்பியோ செயற்கைப் பந்தோ வைத்து அடுத்த நாளே எழுப்பி நிறுத்துவதன் நோக்கம் அதுதான்.

அப்படியானால் டீக்கடைப் பெரியவர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் பார்த்ததைச் சொல்கிறார். கட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சாதாரண முறிவோடு போனவர்கள். சிலருக்கு முறிவே இல்லை, சுளுக்குதான். அவர்கள் குணமாகித் தெருவில் நடமாடுகிறார்கள். கை இழந்தவர் சிப்காட்டை விட்டு ஊர் திரும்பிவிட்டார், அவரைப் பெரியவர் பார்ப்பதில்லை. மறுபக்கம், ஸ்டான்லியின் எலும்பு மருத்துவரிடம் நாட்டுக்கட்டில் குணமானவர் யாரும் வந்து நன்றி சொல்வதில்லை. கோணலாய்ச் சேர்ந்த கையும் கறுத்த விரலும்தான் வருகின்றன. அதனால் அவர் கண்ணுக்கு நாட்டுக்கட்டு என்றாலே நாசம். கட்டுக்காரருக்கோ, வைத்த தகட்டில் சீழ் பிடித்து, லட்சம் செலவழித்தும் ஆறாமல் வந்தவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். ஆப்பரேஷனில் நன்றாகிப்போனவர் அவரிடம் எதற்கு வருகிறார்? ஒவ்வொருவர் வாசலுக்கும் அடுத்தவரின் தோல்விகள் மட்டும் வந்து சேர்கின்றன. இரண்டு பேருமே நேர்மையாகப் பேசுகிறார்கள், இரண்டு பேர் கணக்கும் தப்பு.

இந்தத் தப்புக் கணக்கிலிருந்து வெளியேற மருத்துவம் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். ஒரே மாதிரி முறிவு உள்ளவர்களைச் சேர்த்து, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, எல்லாரையும் கடைசி வரை பின்தொடர்ந்து எண்ணுவது. எலும்பு மருத்துவர்கள் இதைத் தங்கள் மேலேயே பிரயோகித்துக்கொண்டபோது கிடைத்த சில முடிவுகள் அவர்களுக்கே சுகமானவையாக இல்லை. பிரிட்டனில், தோள்மூட்டருகே மேற்கை எலும்பு விலகி ஒடிந்த 250 பேரில் பாதிப் பேருக்கு ஆப்பரேஷன், பாதிப் பேருக்குக் கழுத்தில் தூளி மட்டும். 2015இல் வெளியான முடிவு: இரண்டு வருடத்தின் முடிவில் கையின் பயன்பாட்டில் வித்தியாசமில்லை. 2022இல் இன்னொன்று. குழந்தைகளின் மணிக்கட்டில் எலும்பு முழுதாக ஒடியாமல் பிதுங்குகிற முறிவு, 965 குழந்தைகள். விறைப்பான கட்டு போட்டாலும் சாதாரணத் துணிச்சுற்று போட்டாலும் ஒன்றேதான். ஆப்பரேஷனுக்குப் பயந்து புத்தூர் பஸ் ஏறுகிறவரின் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எந்த முறிவில் அது நியாயம், எந்த முறிவில் ஆபத்து என்று பிரித்துச் சொல்லும் தகவலைச் சேகரித்தவர்கள் அறுவை மருத்துவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட பரிசோதனை லண்டனில்தான் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உலகில் நடந்த மிகப்பெரிய தடுப்பூசிப் பரிசோதனைகளில் ஒன்று இந்தத் திருவள்ளூர் மண்ணில் நடந்தது. அப்போது இது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று பார்க்க, 1968 முதல் 1971 வரை திருவள்ளூரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் திரவம்; யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. நடத்தியவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. நாடெங்கும் பி.சி.ஜி. போடுவதை ஆதரித்துவந்த உலக சுகாதார நிறுவனமும் இவற்றில் ஒன்று. 1979இல் முதல் அறிக்கை வந்தது: பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. 15 வருடம் பின்தொடர்ந்த முடிவு 1999இல் வந்தது, அதுவும் அதையே சொன்னது. பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம், ஏனென்றால் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து சிறு குழந்தைகளை அது காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின.

தன் மருந்து பலிக்கவில்லை என்று தானே அச்சடித்து உலகத்துக்கு அனுப்புகிற பழக்கம் பரம்பரை வைத்தியத்தில் இல்லை. நவீன மருத்துவம் என்று சொல்லிக்கொள்கிற எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று கேட்டால், அதுவும் இல்லை. தேவையில்லாத தகடு வைக்கிற தனியார் ஆஸ்பத்திரி எந்தப் பரிசோதனை முடிவையும் சுவரில் ஒட்டிவைப்பதில்லை. சித்த மருத்துவத்தையும் இந்த எலும்புக் கட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் சரியில்லை. சித்த மருத்துவத்துக்குப் பட்டப்படிப்பு உண்டு, பதிவு உண்டு, தாம்பரத்தில் தேசிய நிறுவனம் உண்டு. எலும்புக் கட்டு பெரும்பாலும் அப்பா கையைப் பார்த்து மகன் கற்றுக்கொள்ளும் தொழில்.

மூன்றாவது ஒரு கணக்கும் இருக்கிறது, அதை மருத்துவ நூல்களில் பார்க்க முடியாது. ஆலையில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற ஒருவருக்கு மணிக்கட்டு ஒடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் அவர் பேர் இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்துக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வர வேண்டும். கையில் நிரந்தரக் குறை மிஞ்சினால், மருத்துவ வாரியம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று நிர்ணயிக்க, அதற்கேற்ப ஆயுள் முழுக்கப் பணம் வரும். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்கள் இதற்குள் வருவார்கள். இது எல்லாவற்றுக்கும் ஆதாரம் இரண்டு காகிதம்: முதலாளி அனுப்புகிற விபத்து அறிக்கை, மருத்துவர் தருகிற சான்று. மேஸ்திரி கையில் 2,000 ரூபாயைத் திணித்து "புத்தூர் போய் கட்டிட்டு வா" என்று வேன் ஏற்றிவிட்டால், இரண்டு காகிதமும் பிறக்கவே பிறக்காது. ஆறு மாதம் கழித்து மணிக்கட்டு திரும்பவில்லை என்று வந்தால், அந்தக் கை எங்கே, எப்போது ஒடிந்தது என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. நாட்டுக்கட்டைச் சிபாரிசு செய்கிற சில கான்ட்ராக்டர்களுக்கு மூலிகைமேல் அவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு.

எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பேர் பதிவாகாத தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. வெறும் மூன்று எழுத்து. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு வாங்குவதே மொழி தெரியாத போராட்டம். முதல் நாள் எக்ஸ்ரே, இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை, தியேட்டர் தேதிக்கு ஒரு வாரம். கூட இருக்கிறவருக்கும் கூலி போகும். கட்டுக்காரரிடம் போனால் அன்றே முடிந்துவிடும், தொட்டுப் பார்ப்பார், பேசுவார். வட சென்னையின் ஆலை விபத்துகளைப் பார்த்துப் பார்த்து, 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். நசுங்கிய கையைத் திருப்பித் தருவதில் அது நாட்டுக்கே முன்னோடி. சிப்காட்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். திருவள்ளூருக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியும் வந்தாயிற்று. தூரம் இப்போது தடையில்லை, வரிசைதான் தடை.

கட்டுக்காரர்களை ஒழித்துவிடலாம் என்பவர்களுக்கு வரலாற்றில் வேறொரு பாதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் எலும்பு கட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், மருத்துவர்கள் அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். 1867இல் ஜேம்ஸ் பேஜட் என்ற பெரிய அறுவை மருத்துவர், எலும்பு கட்டுகிறவர்கள் குணப்படுத்தும் நோயாளிகள் என்றே தலைப்பிட்டு ஓர் உரை ஆற்றினார். அவர்களிடம் கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது சாரம். வேல்ஸ் நாட்டுக் கட்டுக்காரக் குடும்பம் ஒன்றில், லிவர்பூலில் தொழில் செய்த ஈவன் தாமஸ் தன் ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். மூத்தவர் ஹ்யூ ஓவன் தாமஸ் அமைத்த தொடையெலும்புத் தப்பையை, முதல் உலகப் போரில் அவருடைய மனைவியின் சகோதரர் மகன் ராபர்ட் ஜோன்ஸ் ராணுவத்துக்குள் கொண்டுபோனார். குண்டடிபட்டுத் தொடையெலும்பு நொறுங்கியவர்களில் 80 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்த நிலை, 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதாகப் பாடநூல்கள் சொல்லும். இன்றும் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் தொடை ஒடிந்தவரை முதலில் படுக்கவைப்பது தாமஸ் தப்பையில்தான். எத்தியோப்பியாவில் கட்டுக்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்: இறுக்காதே, விரலைப் பார், காயம் திறந்திருந்தால் தொடாதே. அதன் பிறகு கை கால் அழுகி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள் என்று 2005இல் எழுதினார்கள்.

புத்தூர்க் கட்டை மாவுக்கட்டோடு நேர்மையாக ஒப்பிட இங்கே ஒரு பரிசோதனை நடத்த முடியுமா? முடியும். தோல் கிழியாத, மூட்டைத் தொடாத, அதிகம் விலகாத முன்கை முறிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் யாருக்கும் பெரிய நஷ்டம் வராது. எல்லாருக்கும் எக்ஸ்ரே, முதல் இரவு எல்லாருக்கும் விரல் சோதனை, ஒரு வருடம் கழித்து மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது, பிடிப்பு எவ்வளவு கிலோ, எத்தனை நாளில் ஷிப்டுக்குத் திரும்பினார் என்று அளக்க வேண்டும். கட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும், எலும்பு மருத்துவர் மூக்கைச் சுளிக்காமல் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், கட்டு அவிழ்ந்ததும் பாலாங்கீருக்கோ கயாவுக்கோ ரயிலேறிவிடுகிற ஆளை ஒரு வருடம் கழித்து எங்கே போய்த் தேடுவது என்பது. பி.சி.ஜி. குழு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டியபோது, பெரும்பாலான வீடுகளில் ஆள் அதே திண்ணையில்தான் இருந்தார்.